கண்ணாடி வேர்த்த காலை

ஐந்தே காலுக்கு ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுச் சாலையில்
மோட்டரை நிறுத்தினோம்.
தாட்சாயிணி நெற்றி விளக்கைப் போட்டாள்.
முதல் படியிலேயே ஒரு தவளை,
வழிவிட மனமில்லாமல்
எங்கள் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தெரிந்த ஏற்றம்தான்.
மூங்கில் திருப்பம் வரை பேச்சு,
அதற்கு மேல் மூச்சு.
கயிறு கட்டிய பாறையில்
என் கை கயிற்றை விட்டு வேரையே நம்பியது.
டுரியான் வலைகளுக்கு அடியில் இருமுறை குனிந்தோம்.
மூன்றாவது வலையில்
முதுகில் இருந்த முக்காலி குனிய மறந்தது.

வாரம் ஆறு நாள்
பாயான் லெப்பாஸில், நுண்ணோக்கிக்குக் கீழே,
சில்லுகளில் கீறல் தேடுகிறவள் நான்.
குறை கண்டால் சிவப்புப் பொத்தான்.
அந்தக் கண்ணைக் கழற்றி
ஆலை லாக்கரில் வைத்துவிட்டு வர முடிவதில்லை.
என் படங்களில்
மின்கம்பி வந்தால் வெட்டுவேன்,
அடுக்குமாடி வந்தால் வெட்டுவேன்.
வெட்டி வெட்டி
யாருமே குடியிராத ஒரு பினாங்கை
மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

பாறை விளிம்பு. ஏழு மணிக்குப் பத்து நிமிடம்.
பள்ளத்தாக்கு என்றால் ஆறு தெரிய வேண்டும்.
இங்கே தொண்டாங் ஆறு
சிமெண்டுக் கரைக்குள், பாலங்களுக்கு அடியில்,
சந்தையின் பின்பக்கமாக
உடைந்த கூடை ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறது.
மேலிருந்து பார்த்தால் கூரைகள். கூரைகள்.

"அங்க பாரு" என்றாள்.

நேற்றிரவு மழை.
தண்ணீர் போகும் தடத்தில் மட்டும்
பனி எழுந்து நின்றது.
ஆறு வளைந்த இடத்தில் வளைந்து,
இருபது மாடிகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கி,
பள்ளித் திடலில் கொஞ்சம் சிந்தி.
ஒளித்து வைத்த ஆற்றை
அதன் மூச்சே காட்டிக்கொடுத்தது.

பையைத் திறந்தேன்.
இரவெல்லாம் ஏர்கோன் அறையில் தூங்கிய கேமரா
மலைக்காற்று பட்டதும்
கண் மறைய வேர்த்தது.
சட்டை நுனியால் துடைத்தேன். மறுபடியும்.
துடைத்தேன். மறுபடியும்.
கோபத்தில் இருபத்து மூன்று படம் எடுத்தேன்.
"அக்குள்ல வச்சிக்க லா, சூடாவட்டும்."
அடைகாக்கும் கோழி மாதிரி
நாலாயிரம் வெள்ளியை அணைத்துக்கொண்டு
வெறும் கண்ணோடு உட்கார்ந்தேன்.

வெறும் கண்ணுக்குப் பொத்தான் கிடையாது.
எங்கே வெட்டுவதென்றும் தெரியாது.
மேல்மாடி ஒன்றில் யாரோ
சிவப்புப் போர்வையை உதறினார்கள்.
மின்கம்பியில் ஒரு குரங்கு,
குட்டி வயிற்றைப் பிடித்திருக்க,
அவசரமில்லாமல் போனது.
பள்ளி பஸ் ஒன்று வெள்ளைக்குள் நுழைந்து
காணாமல் போய்
அந்தப் பக்கம் மஞ்சளாக வந்தது.
நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன்.
தாட்சாயிணி வடைப்பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

லென்ஸ் தெளிந்தபோது வெயில் வந்திருந்தது.
துல்லியமான கூரைகள்.
ஆறு இல்லை.

இறங்கும் வழியில் தகரக் கொட்டகை.
தினமும் பத்து லிட்டர் தண்ணீரை முதுகில் ஏற்றி வந்து
வருகிறவர்களுக்கெல்லாம் டீ கலக்கும் கோர் அங்கிள்
"டாப்பாட்?" என்றார், கிடைத்ததா என்று.
வெள்ளைத் திரையைக் காட்டினேன்.
மூடுபனி என்று நினைத்துக்கொண்டு
பெருவிரலை உயர்த்தினார்.
அவர் டீயில் எப்போதும் சீனி அதிகம்.
இரண்டு கோப்பை குடித்தேன்.

ராத்திரி இருபத்திரண்டை அழித்தேன்.
ஒன்று பாக்கி:
வெள்ளை, அதில் என் கட்டைவிரல் ரேகை,
கீழ் ஓரத்தில் சிவப்பாய் ஒரு தீற்றல்.
போர்வையாக இருக்கலாம்.
ஆலையில் என்றால் யோசிக்காமல் அழுத்தியிருப்பேன்.

"அடுத்த புதன்?" என்று செய்தி வந்தது.
கேமராவை எடுத்துக்கொண்டு போய்
ஏர்கோன் இல்லாத முன்கூடத்தில்,
சேறு காயாத சப்பாத்துகளுக்குப் பக்கத்தில்
படுக்க வைத்தேன்.